விஐபி டீ

யாமினி டீ ஏரியா டிசைன் செய்கிறாள் என்று கேள்விப்பட்டதும் புத்தூரிலிருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் டீக்கடைதான் ஞாபகத்துக்கு வந்தது. சென்னையில் கட்டடக்கலை படித்துவிட்டு, பெங்களூரில் கோல்ஃப் மைதானம் வடிவமைக்கும் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்த பெண், கடைசியில் ஊர்ப்பக்கமே திரும்பி வந்து டீக்கடை போடுகிறாளாம் என்று பேச்சு. அவளுடைய நைனா கோவர்த்தனனுக்குக் கரும்பு தெரியும், வேர்க்கடலை தெரியும். கோல்ஃப் தெரியாது.

"பென்ச்சு ரெண்டு, பாய்லர் ஒண்ணு போட்டா டீக்கட ஆச்சி. இதுக்கு இன்னாத்துக்கும்மா ராவும் பகலும் பிளான் வரைஞ்சிக்கினு கீற?"

"அது குடிக்கிற டீ இல்ல நைனா. கோல்ஃப்ல மொத அடி அடிக்கறதுக்கு நிக்கிற எடம். அதுக்குப் பேருதான் டீ."

"நிக்கறதுக்கு ஒரு பிளானா? நின்னா நின்ன எடம்தானே?"

இதற்கு யாமினியிடம் நல்ல பதில் இருந்தது. பொறுமையாகக் கேட்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

கோல்ஃபில் ஒவ்வொரு குழிக்கும் ஆட்டம் தொடங்குகிற மேடை அது. அங்கே நின்று முதல் அடி அடிக்க வேண்டும். பந்து புல்பாதையில் போய் விழும். அங்கிருந்து இன்னும் ஓரிரண்டு அடி. கடைசியில் கிரீன் என்கிற வழவழப்பான புல்தரையில், கொடி நட்ட குழிக்குள் பந்தைத் தள்ள வேண்டும். ஆனால் எல்லோருக்கும் கை பலம் ஒன்றா? வாலிபன் அடிக்கிற தூரத்தில் பாதிகூட அறுபதைத் தாண்டியவருக்கு வராது. அதனால்தான் ஒரே குழிக்கு மூன்று நான்கு டீ போடுகிறார்கள். ஒன்று கொடிக்கு ரொம்பத் தள்ளி, ஒன்று நடுவில், ஒன்று கிட்டத்தில். அவரவர் பலத்துக்கு ஏற்ற டீயில் நின்று ஒழுங்காக அடித்தால், எல்லோருடைய பந்தும் ஏறக்குறைய ஒரே இடத்தில் போய் விழும். அதற்கப்புறம் எல்லோருக்கும் ஒரே நம்பிக்கை, ஒரே பயம். பலசாலியையும் பலமில்லாதவரையும் ஒரே ஆட்டத்தில் சமமாக நிறுத்துகிற வேலை இது. யாமினிக்கு இந்தத் தொழிலில் பிடித்ததே அதுதான்.

ஆந்திர எல்லைக்குள், சத்தியவேட்டுக்கும் நாகலாபுரத்துக்கும் நடுவே, மலையடிவாரத்தில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்தது அந்த கோல்ஃப் கிளப். பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஜப்பான்காரர்களும் கொரியாக்காரர்களும் நிறைய. ஞாயிற்றுக்கிழமையானால் மட்டையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ஓடுகிறார்கள், அவர்களை இங்கேயே பிடித்துப் போடலாம் என்று யோசனை சொன்னவர் நாகபூஷணம். சித்தூர்ப் பக்கம் மாம்பழக் கூழ் ஃபேக்டரி வைத்திருப்பவர். கிளப்புக்கு அவரே சேர்மன். நகரி விசைத்தறி முதலாளிகள், திருப்பதி லாட்ஜ் ஓனர்கள், மணல் கான்ட்ராக்டர்கள் என்று உறுப்பினர்கள் மளமளவென்று சேர்ந்தார்கள். ஒருத்தரும் அதற்கு முன் கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை.

யாமினி பிளான் போடுவதற்கு முன்பு, பயிற்சித் திடலில் அவர்கள் பந்தடிப்பதைப் பல நாள் நின்று பார்த்தாள். நாகபூஷணம் மட்டையைச் சுழற்றுகிற வேகத்தைப் பார்த்தால் பந்து தடாவைத் தாண்டித் தமிழ்நாட்டில் போய் விழும்போல இருக்கும். தேடினால் கூப்பிடு தூரத்தில் புல்லில் படுத்திருக்கும். மற்றவர்களும் அந்த ஜாதிதான். ஆகவே கொடிக்குக் கிட்டத்தில் இருக்கிற டீக்களை அவள் நன்றாக அகலமாகப் போட்டாள். நிறையப் பேர் மிதிக்கிற இடம், புல் தாங்க வேண்டும். கடைசியில் இருக்கிற டீ சின்னதாக இருந்தால் போதும், எப்போதாவது ஒரு நிஜமான ஆட்டக்காரன் வருவான்.

கமிட்டிக் கூட்டத்தில் பிளானை விரித்தபோது நாகபூஷணம் முதலில் விரலை வைத்ததே அந்தச் சின்ன டீயில்தான்.

"இது யாருக்கும்மா?"

"ரொம்ப தூரம் அடிக்கிறவங்களுக்கு சார். சாம்பியன்ஷிப் ஆடறவங்க நிக்கிற டீ."

"சாம்பியனா? அப்ப அது எனக்கு. சரே, முன்னால இன்னாமோ அகலமா போட்டுகிறியே, அது?"

யாமினி வாயைத் திறப்பதற்குள் செக்ரட்டரி வெங்கடராகவன் முந்திக்கொண்டார். திருப்பதிக்காரர். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் பாதிப்பேர் கோயில் கைங்கர்யத்தில் இருக்கிறார்கள். யாருக்கும் எதிலும் சிரமம் இருக்கக் கூடாது என்று நினைக்கிறவர். அதனாலேயே எல்லாச் சிரமத்துக்கும் அவர்தான் காரணமாக இருப்பார்.

"அது லேடீஸ் டீ சார். வயசானவாளும் நின்னுக்கலாம்" என்றார் உபகாரமாக.

அந்த ஒரு வார்த்தையில் பல மாத வேலை மண்ணாய்ப் போயிற்று. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியில் நிமிர்ந்தார்கள். எழுபதை நெருங்குகிற ஒரு லாட்ஜ் ஓனர், முழங்காலுக்குப் பட்டை கட்டியிருந்தவர், "நமக்கும் கடைசில இருக்கறதே போதும்மா" என்றார், ஏதோ விட்டுக்கொடுப்பதுபோல. அப்புறம் எல்லோருக்கும் அதுவே போதும் என்று ஆகிவிட்டது.

"அந்த டீயைக் கொஞ்சம் பெரிசாக்கு. நல்லா ஒசத்திக் கட்டு. சேர்மன் நிக்கிற எடம் ரோட்ல போறவனுக்குத் தெரிய வேணாமா?" என்றார் நாகபூஷணம்.

"ஒசரத்துல நின்னா காத்து பந்தைத் தள்ளிடும் சார்."

"முன்னாலதானே தள்ளும்? தள்ளட்டும்."

டீ உயர்ந்தது. கிரானைட் படி வந்தது. பளபளவென்று கைப்பிடிக் கம்பி வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ கல்யாண மண்டபத்துக்கு மேடை கட்டி முடித்துவிட்டு மண்டபத்தைக் கட்ட மறந்துவிட்டார்கள்போல இருந்தது.

திறப்பு விழா முடிந்த முதல் ஞாயிறு, ஆண்கள் அத்தனை பேரும் அந்தப் படியேறி வரிசை கட்டி நின்றார்கள். முதலில் சேர்மன். வீசினார். மேடையிலிருந்து எகிறிய பந்து, அடிவாரத்திலேயே தொப்பென்று விழுந்தது. அகலமான அந்த லேடீஸ் டீயைக்கூட அது எட்டவில்லை. "காத்து எதிர்ல அடிக்குது" என்றார். ஒரு இலைகூட அசையவில்லை. எல்லோரும் ஆமாம் என்றார்கள். அடுத்தவர் வீசினார். அவருக்கும் காற்று எதிரே.

வெயில் ஏறி உச்சிக்கு வந்தபோது அவர்கள் பாதி ஆட்டத்தைக்கூடத் தாண்டவில்லை. பின்னால் ஜப்பான்காரர்கள் கைகட்டி வரிசையில் நின்றார்கள். மரியாதை தெரிந்தவர்கள், முணுமுணுக்கவில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் அடிக்கடி பார்த்துக்கொண்டார்கள். முன்னால் இருந்த டீயில் நின்று ஆடியவர்கள் இரண்டே பேர். ஒருவர் மொரிதா, ஜப்பான் கம்பெனியின் பெரிய மேனேஜர், நரைத்த தலை. இன்னொருத்தி பத்மினி, நாகபூஷணத்தின் மனைவி. சேர்மன் மனைவி ஆடாவிட்டால் நன்றாக இருக்காது என்று கட்டாயப்படுத்திச் சேர்க்கப்பட்டவள். பத்மினிக்குப் பெரிய திறமை என்று ஒன்றும் இல்லை. ஆனால் தன் கைக்கு எவ்வளவு தூரம் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அதைப் பற்றி அவளுக்கு வருத்தமும் இல்லை. விடியும்போதே தொடங்கிய இருவரும் காலையிலேயே ஆட்டத்தை முடித்து, கேன்டீனில் பெசரட்டு சாப்பிட்டு, இரண்டாவது காபியும் குடித்துவிட்டார்கள்.

ஒரு மழைக்காலம் போவதற்குள் உயர்ந்த டீயில் புல் செத்துச் சேறாகிவிட்டது. முன் டீயில் புல் பட்டு விரித்ததுபோலக் கிடந்தது. நாகபூஷணம் யாமினியைக் கூப்பிட்டு, "ஏம்மா, அந்தக் கொடியைக் கொண்டுபோய் அவ்ளோ தூரத்துல நட்டது யாரு? கிட்ட எடுத்துக்கினு வா" என்றார்.

மொரிதாவின் கம்பெனி இனி சென்னைக்கே போகலாமென்று யோசிக்கிறது என்ற சேதி வந்ததும் வெங்கடராகவன் பதறிவிட்டார். யாமினியைத் தன் அறைக்கு வரச்சொல்லி உட்கார வைத்தார்.

"யாமினி, நீங்க பெரிய மனசு பண்ணி ஏதாவது வழி சொல்லணும். இவாளை எப்படியாவது முன்னாடி டீக்குக் கொண்டுபோகணும். நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா."

"லேடீஸ் டீன்னு சொன்னதே நீங்கதான் சார்."

"தப்புதான். ஒத்துக்கறேன்..." அவர் மேலே பேசுவதற்குள் போன் அடித்தது. எடுத்தார். அதை வைத்ததும் இன்னொன்று. அது முடிந்ததும் மற்றொன்று. எல்லாம் கிளப் உறுப்பினர்கள்தான். திருப்பதி மலைக்கு வருகிறோம், கிட்டத்தில் நின்று தரிசனம் பண்ண ஒரு வழி செய்யுங்கள், மச்சினன் குடும்பம் வருகிறது, கலெக்டர் ஆபீஸில் தெரிந்தவர் வருகிறார் என்று ஒரே பிடுங்கல். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பாருங்கோ, நாலு அடி முன்னாடி நிக்கணும்னா இவா என்ன வேணா பண்ணுவா. தள்ளி நின்னா கௌரவக் குறைச்சல். இங்க மட்டும் ஏன் தள்ளித்தான் நிப்பேன்னு அடம் பிடிக்கறான்னு எனக்குப் புரியவே மாட்டேங்கறது."

யாமினி மறுபடி அடிக்கத் தொடங்கிய போனைப் பார்த்தாள். பிறகு, "சார், அந்த டீயோட பேரை நான் மாத்தட்டுமா?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு முன் டீயைச் சுற்றிச் சிவப்பு வெல்வெட் கயிறு. வாசலில் சஃபாரி உடையில் ஒரு காவலாளி. பலகையில் தங்க எழுத்தில் 'விஐபி டீ'. கீழே சின்னதாக, 'சிபாரிசு உள்ளவர்களுக்கு மட்டும்'. நடு டீக்கு 'ஸ்பெஷல்' என்று பெயர். கிரானைட் படி வைத்த உயரமான மேடைக்கு, வெறும் தகரப் பலகையில், 'பொது'.

நாகபூஷணம் காரிலிருந்து இறங்கி, பலகையைப் படித்தார். பொது என்பதை இரண்டு தடவை படித்தார்.

"இன்னாம்மா இது?"

"கொடிக்குக் கிட்டக்க இருக்கறதாலே இது விஐபிக்கு ஒதுக்கிட்டோம் சார். எல்லாரையும் விட முடியாது. எடம் கொஞ்சம்தான். உங்களுக்கு வேணும்னா செக்ரட்டரி சார் ஒரு வார்த்தை சொல்லிடுவாரு."

"எனக்கு சிபாரிசா? நான் சேர்மன்மா!" என்று கயிற்றைத் தானே கழற்றிக்கொண்டு உள்ளே போனார்.

மதியத்துக்குள் வெங்கடராகவனுக்கு வந்த போன்களுக்குக் கணக்கில்லை. ஒரு மணல் கான்ட்ராக்டர் விஜயவாடாவிலிருந்து யாரோ பெரிய புள்ளியைப் பேச வைத்தார். முழங்காலுக்குப் பட்டை கட்டிய லாட்ஜ் ஓனர், தனக்கு இடம் கிடைத்துவிட்டதாகவும் மற்றவர்களுக்குக் கிடைப்பது சிரமம் என்றும் கேன்டீனில் சொல்லிக்கொண்டிருந்தார். உயரமான மேடையில் ஒருத்தரும் இல்லை. ஒரு காக்கை மட்டும் கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்திருந்தது.

ஆட்டமும் திருந்தியது. பந்துகள் போகவேண்டிய இடத்துக்குப் போயின. காலையில் தொடங்கியவர்கள் வெயில் ஏறுமுன் முடித்தார்கள். நாகபூஷணம் வாழ்க்கையில் முதல்முறையாக இரண்டாவது அடியிலேயே கிரீனை எட்டினார். "கையில பலம் வந்துட்டுதும்மா. தெனம் பாதாம் துன்றேன்ல" என்றார். மொரிதாவின் கம்பெனி சென்னைக்குப் போகிற யோசனையைக் கைவிட்டது. கமிட்டிக் கூட்டத்தில் யாமினிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பெங்களூரில் இருந்த காலத்தில் எந்த மேடையிலும் யாரும் அவள் பெயரைச் சொன்னதில்லை. சால்வையை மடித்துப் பையில் வைக்க மனம் வராமல், சத்தியவேடு பஸ்ஸிலும் தோளிலேயே போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

"டீக்கட நல்லா ஓடுதாம்மா?" என்று கேட்டார் கோவர்த்தனன்.

"ஜோரா ஓடுது நைனா."

கிளப்பில் உண்மையைச் சொல்லிச் செய்ய முடியாததைப் பலகையில் பொய் எழுதிச் சாதித்தோமே என்ற உறுத்தல் கொஞ்சம் இருந்தது. அதைச் சால்வை மூடிக்கொண்டது.

மறுவாரம் பத்மினி மட்டையோடு வழக்கமான டீக்கு வந்தாள். காவலாளி கயிற்றைக் கழற்றவில்லை.

"மேடம், இது விஐபிக்கு. சிபாரிசு கீதுங்களா?"

"தெனம் நான் ஆடற எடம்பா இது."

"லேடீஸ் இப்ப ஸ்பெஷல்ல ஆடறாங்க மேடம். இல்லன்னா பொதுல."

பத்மினி உள்ளே நின்றிருந்த கணவனைப் பார்த்தாள். நாகபூஷணம் பந்தைக் குறிபார்த்துக்கொண்டே, "பெரிய மனுஷங்க ஆடிக்கினு இருக்காங்க, அப்பறம் வா" என்றார். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. பத்மினியுடன் வந்திருந்த மொரிதா தன் மட்டைப்பையைத் தோளில் மாட்டி, தலைகுனிந்து வணங்கிவிட்டு நடு டீயை நோக்கி நடந்தார். பத்மினி அவர் பின்னாலேயே போகாமல், மரத்தடியில் நின்றிருந்த யாமினியிடம் வந்தாள்.

"பலகை வெச்சது நீதானே?"

"ஆமா மேடம். அவங்களை முன்னால வரவெக்க வேற வழி தெரியல."

"முன்னால வந்துட்டாங்க. நான் எங்க போறது?"

யாமினி பலகையைத் திரும்பிப் பார்த்தாள். இடத்துக்கு யார் யார் வருவார்கள், எவ்வளவு மிதிபடும், தண்ணீர் எப்படி வடியும், நிழல் எந்தப் பக்கம் விழும் என்று எல்லாவற்றையும் யோசித்துத்தான் அவள் பிளான் போடுவாள். பலகை வைத்தபோது இந்தப் பெண்மணி ஒருத்தி இருக்கிறாள் என்பதே அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

அன்றைக்கே பலகையைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. அடுத்த வேலை வந்துவிட்டது.

விஐபி டீயில் கூட்டம் தாங்கவில்லை. சிபாரிசு இல்லாதவர் என்று கிளப்பில் ஒருத்தரும் மிச்சமில்லை. நாகபூஷணம் முகத்தைச் சுளித்தார். "கண்டவன்லாம் வந்து நிக்கறான். எனக்கு இன்னும் கொஞ்சம் முன்னால ஒண்ணு போடு." விவிஐபி டீ வந்தது. மாதம் திரும்புவதற்குள் அதிலும் கூட்டம். அதற்கும் முன்னால் 'புரோட்டோகால் டீ' வந்தது. அதில் நிற்க வேண்டுமென்றால் வெறும் சிபாரிசு போதாது, சிபாரிசு செய்கிறவரும் நேரில் வந்து நிற்க வேண்டும். வந்து நின்றார்கள். ஒவ்வொரு தடவையும் யாமினி அளந்தாள், வரைந்தாள், மண் கொட்டி, புல் பதித்தாள். ஒவ்வொரு தடவையும் புல்பாதை கொஞ்சம் குறைந்தது. கூட்டத்தில் இப்போது அவளுக்குச் சேர்மனுக்குப் பக்கத்து நாற்காலி. அவள் வந்தால் எழுந்து நிற்கிறவர்களும் இருந்தார்கள்.

ஆண்டுவிழாப் போட்டி நெருங்கியபோது நாகபூஷணம் அவளைச் சின்னக் குழிக்குக் கூட்டிப்போனார். கிளப்பிலேயே மிகக் குறைந்த தூரம் கொண்ட குழி அது. கிரீனின் விளிம்பில் போய் நின்று, காலால் தரையில் கோடு கிழித்தார்.

"இங்க ஒண்ணு போடு. சேர்மன் டீ."

கொடி அவருக்கு எதிரே, கைநீட்டினால் தொட்டுவிடலாம்போல நின்றது.

"சார், இங்கேருந்து அடிக்கவே வேணாம். குனிஞ்சி கையாலயே போட்டுடலாம்."

நாகபூஷணம் குழியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "ரூல்ல அப்படி எடம் கீதா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"இல்ல சார்."

"அப்ப டீயே போடு."

யாமினி போட்டாள். வரையும்போது இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாள். ஆனால் வரைந்துதான் கொடுத்தாள்.

போட்டி நாள். ஷாமியானா, மேளம், கேமராக்கள். பெங்களூரிலிருந்து ஒரு நடுவர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர், தலையில் வெயில் தொப்பி. சின்னக் குழியில் சேர்மனின் முறை வந்தது. நாகபூஷணம் வேட்டியை மடித்துக் கட்டுகிற பழக்கத்தில் பேன்ட்டை இடுப்பில் ஏற்றிவிட்டுக்கொண்டு, மட்டையால் பந்தை மெல்லத் தட்டினார். உருண்டது. விழுந்தது. ஒரே அடி.

மேளம் பிய்த்துக்கொண்டு போயிற்று. கோல்ஃபில் ஒரே அடியில் குழியில் போடுவது வாழ்நாள் சாதனை. நாற்பது வருஷம் ஆடினவர்களுக்கும் கிடைக்காமல் போவதுண்டு. லாட்ஜ் ஓனர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ ரோஜாமாலையைப் போட்டார்கள். கேமராக்காரர்களுக்காக நாகபூஷணம் குழிக்குள் கைவிட்டுப் பந்தை எடுத்து, நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

சத்தம் அடங்கும்வரை காத்திருந்து நடுவர் கேட்டார். "நல்லது. எந்த டீயிலிருந்து அடிச்சீங்க?"

"இதோ, சேர்மன் டீ."

நடுவர் குனிந்து பார்த்தார். காலால் தடவிப் பார்த்தார். "சார், இது கிரீனோட ஓரம்."

"டீதான் சார். எங்க டிசைனர் போட்டது. பெங்களூர்ல வேல பாத்தவங்க, ஒங்க ஊருதான். யாமினிம்மா, சாருக்குச் சொல்லு."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். மேளக்காரர் குச்சியை ஓங்கியபடியே காத்திருந்தார். சால்வைக்காரர் தட்டோடு தயாராக நின்றார். இன்றைக்கு ஒன்று அவளுக்கும் இருந்தது. வெங்கடராகவன் கண்ணாலேயே கெஞ்சினார். கூட்டத்தின் கடைசியில், குடை பிடித்துக்கொண்டு பத்மினி நின்றிருந்தாள். பக்கத்தில் மொரிதா. பத்மினியின் முகத்தில் கோபமும் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. இவள் உண்மையைச் சொல்லப் போவதில்லை என்று முடிவு கட்டிவிட்ட முகம். யாமினியைச் சுட்டது அதுதான்.

"பிளான் நான் போட்டதுதான் சார்" என்றாள். "ஆனா இது டீ இல்ல. டீன்னா மொத அடி அடிக்கிற எடம். இது ஆட்டம் முடியற எடம். அதோ அங்க முன்னால போட்டதெல்லாமும் டீ இல்ல. அத்தனையும் பலகைதான். நான்தான் வெச்சேன், வெச்சிருக்கக் கூடாது."

நாகபூஷணத்தின் கையில் பந்து தூக்கிப் பிடித்தபடியே இருந்தது. அவர் திட்டப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் முகம் சின்னப்பிள்ளை முகம்போல ஒரு கணம் சுருங்கியது. "அப்ப கையில பலம் வந்ததுன்னது?" என்று அவளிடம் மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

யாமினி இல்லையென்று தலையசைத்தாள்.

நிலைமையைக் காப்பாற்றியவர் வெங்கடராகவன்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். "ஒரு விஷயம். இது டீ இல்லை, கிரீன்தான்னே வெச்சுப்போம். அப்போ சேர்மன் சார் கிரீன்லேர்ந்து ஒரே அடியில போட்டுட்டார். அதுக்கு முன்னாடி அவர் அடிக்கவே இல்லை. ஆகக்கூடி மொத்தம் எத்தனை அடி? ஒண்ணு. எப்படிப் பாத்தாலும் ஒண்ணுதானே வர்றது?"

நடுவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். அவர் மேற்கொண்டு எதுவும் சொல்வதற்குள் மேளம் தொடங்கிவிட்டது. யாமினிக்கு வைத்திருந்த சால்வை நடுவருக்குப் போர்த்தப்பட்டது.

மறுநாள் பேப்பரில் நாகபூஷணம் பந்தைத் தூக்கிப் பிடித்த படம் வந்தது. யாமினியை யாரும் திட்டவில்லை. வெங்கடராகவன் போன் செய்து, "நீங்க ரொம்ப உழைச்சுட்டேள், கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கோங்கோ" என்றார். எத்தனை நாள் என்று கேட்டதற்கு, "அதுக்கென்ன அவசரம்?" என்றார். கிளப் நன்றாகத்தான் நடக்கிறது. ஞாயிறுதோறும் யாராவது ஒருத்தர் ஒரே அடியில் குழியில் போடுகிறார். பேப்பர்க்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

யாமினி பல வாரம் புத்தூரிலேயே இருந்தாள். வேலை தேடவும் மனம் வரவில்லை. நைனாவுடன் கழனிக்குப் போய், வரப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். கோவர்த்தனன் ஒன்றும் கேட்கவில்லை. டீக்கடை மூடிவிட்டார்கள்போல என்று அவராகவே எண்ணிக்கொண்டார்.

ஒரு நாள் பத்மினியின் கார் வந்து நின்றது.

"மொரிதா சாரோட ஃபேக்டரிக்குப் பின்னால கொஞ்சம் எடம் சும்மா கெடக்குது. குண்டும் குழியுமா கீது, நடுவுல ஒரு குட்டை. திருப்பதிலேருந்து டாக்டரம்மாங்க கொஞ்சம் பேரு, காலேஜ் லெக்சரருங்க, ஃபேக்டரில வேல செய்யற பொண்ணுங்க எல்லாம் ஆடணும்ன்றாங்க. நீ வந்து டீ போட்டுத் தரியா?"

"நானா மேடம்? நான் ஒங்களுக்குப் பண்ணதுக்கு..."

"பண்ணதும் தெரியும், அன்னிக்குச் சொன்னதும் தெரியும். ரெண்டையும் வெச்சிக்கினுதான் வந்துகிறேன். பலகை மட்டும் வெக்காத."

யாமினி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து பஸ் பிடித்துப் போய் இடத்தைப் பார்த்தாள். பத்மினி சொன்னதைவிட மோசம். அந்தப் பெண்களை ஒவ்வொருத்தராக அடிக்கச் சொல்லி, ஓரமாக நின்று பார்த்தாள். இந்தத் தடவை யார் யார் என்று முகத்தையும் பார்த்துக்கொண்டாள்.

சின்ன மைதானம்தான், ஒன்பது குழி. ஆட்டம் தொடங்கிய அன்று காலை, பத்மினி முதல் டீயில் ஏறி நின்றாள். சுற்றிலும் பெண்கள் கைதட்டக் காத்திருந்தார்கள். மட்டையை ஓங்கி ஒரு வீச்சு. பந்து அழகாக எழும்பி, வளைந்து, நேராகக் குட்டைக்குள் போய் விழுந்தது. ஒரு கொக்கு அலுத்துக்கொண்டு எழுந்து பறந்தது.

பத்மினி தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு யாமினியிடம் கையை நீட்டினாள்.

"இன்னொண்ணு குடு."